வைஃபை வரவில்லையா? மடிக்கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்!

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக்கொண்ட நம் வயதுக்காரர்கள் பலர், "எல்லாம் சரி, வைஃபை கார்டு மட்டும் போய்விட்டது" என்கிறார்கள். பெரும்பாலும் கார்டு போயிருக்காது. அதை இயக்கும் டிரைவரோ ஃபர்ம்வேரோதான் இருக்காது. பிராட்காம் கார்டுகள் பலவற்றுக்கு அதைத் தனியாகப் போட வேண்டும்.

இணையமே இல்லாமல் எப்படி இறக்குவது? கைபேசியைக் கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். உபுண்டு என்றால் பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள்.

டெபியன் 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பிலிருந்து பல கார்டுகளின் ஃபர்ம்வேரை நிறுவும்போதே சேர்த்துத் தருகிறது. தன்னார்வலர்களுக்கு இருக்கும் இந்த அக்கறை, காசு வாங்கிக் கார்டு விற்ற எல்லோருக்கும் இருக்க வேண்டாமா? பூட்டை விற்றவர் சாவியையும் தருவதுதானே முறை!