இல்லாததும் சைபரும் ஒண்ணா?

அரியமங்கலம் வழியா பஸ்ல வந்தவங்களுக்குக் குப்பைக் கிடங்கைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 47 ஏக்கர். பல வருஷமா திருச்சி மாநகராட்சியோட குப்பை வந்து சேர்ந்த இடம். அதை வச்சு ஒரு சின்ன ரூபி கணக்கு பார்ப்போம்.

ஒரு ஹேஷ்ல பகுதியோட பேர் கீ, அன்னைக்கு அள்ளின குப்பை எத்தனை டன்ங்கிறது வேல்யூன்னு வச்சுக்குங்க. ஸ்ரீரங்கம், பொன்மலை, அரியமங்கலம்னு நமக்கு வேண்டிய கீ மட்டும் ஒரு அர்ரேயில இருக்கு. இந்த மூணுக்கும் கூட்டுத்தொகை வேணும். அர்ரேக்கு முன்னாடி ஸ்டார் போட்டு வேல்யூஸ்_அட்டுக்குக் கொடுங்க, பின்னாடி ஒரு சம். ஒரே வரியில முடிஞ்சது. இந்த சம் 2016 டிசம்பர்ல வந்த ரூபி 2.4-லதான் சேர்ந்தது; அதுக்கு முன்னாடி இன்ஜெக்ட்.

சிக்கல் இனிமேதான். அரியமங்கலத்தை ஆங்கிலத்துல ஒருத்தர் ஒய் போட்டு டைப் பண்ணுவார், இன்னொருத்தர் போடாம பண்ணுவார். கீ பொருந்தலைன்னா வேல்யூஸ்_அட் நில் தரும். நில்லைக் கூட்ட முடியாம சம் டைப்எர்ரர் காட்டும். உடனே நடுவுல ஒரு காம்பாக்ட் போட்டு நில்லைத் தூக்கிடுறோம். இல்லன்னா ஒவ்வொண்ணுக்கும் டு_ஐ போட்டு சைபர் ஆக்குறோம், அதுல 12.7 டன்னும் 12 ஆயிடும். எர்ரர் போச்சு, அவுட்புட் வந்தாச்சு. லேப்ல நானும் இப்படித்தான் பண்ணினேன். மார்க்கும் வந்துச்சு.

ஆனா அந்தக் கூட்டுத்தொகையில அரியமங்கலமே கிடையாது. ஊர்க் குப்பையை எல்லாம் வாங்கிக்கிட்ட இடம் கணக்குல மட்டும் காணோம்! பார்க்கிறவங்களுக்கு அது தெரியவும் தெரியாது.

'குப்பை அள்ளல' வேற, 'அள்ளினதை யாரும் எழுதல' வேற. ரெண்டையும் சைபர்னு எழுதுறது தப்புன்னுதான் நான் சொல்வேன். அதனால ஃபெட்ச்_வேல்யூஸ் பயன்படுத்துங்க. ரூபி 2.3-லேர்ந்தே இருக்கு. கீ இல்லன்னா கீஎர்ரர் தரும், எந்தக் கீ இல்லைன்னும் பேரோட சொல்லும்.

சில இடத்துல இல்லாதது நிஜமாவே சைபர்தான். ஒரு கட்டுரையில ஒரு சொல் எத்தனை தடவை வருதுன்னு எண்ணும்போது, வராத சொல்லுக்கு சைபர்னு வைக்கிறது சரி. அப்போ ஃபெட்ச்_வேல்யூஸுக்கு ஒரு பிளாக் கொடுத்து உள்ளே சைபர்னு எழுதுங்க. அது நீங்க யோசிச்சு எடுத்த முடிவுன்னு படிக்கிறவங்களுக்கும் புரியும்.

எர்ரரை மறைக்கக் கை போறதுக்கு முன்னாடி, விட்டுப்போனது எந்த ஊருன்னு ஒரு தடவை பாருங்க.