காலடியில் கரியமில வாயு

ஆலைப் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைக் காற்றில் கலக்கும் முன்பே பிரித்தெடுத்து, அழுத்தி, குழாய் வழியே கொண்டுபோய்ப் பூமிக்கு அடியில் செலுத்தி அடைத்துவைப்பது கார்பன் பிடிப்பு எனப்படுகிறது. பிரித்தெடுக்கும் வேலையைப் பெரும்பாலும் அமீன் கரைசல் செய்கிறது. குளிர்ந்திருக்கும்போது அது வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், சூடேற்றினால் விட்டுவிடும். அந்தச் சூட்டுக்கு ஏராளமான நீராவி தேவை. அதனால் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்ட அனல்மின் நிலையம், தான் உண்டாக்கும் ஆற்றலில் கணிசமான பங்கை இதற்கே செலவழிக்கிறது. பிரித்த வாயுவைத் திரவம்போல் அடர்த்தியாகும்வரை அமுக்கி, 800 மீட்டருக்கும் கீழே உள்ள நுண்துளைப் பாறைக்குள் இறக்குகிறார்கள். அதற்கு மேலே வாயு கசிய விடாத இறுக்கமான பாறை மூடியிருக்க வேண்டும். இயற்கை எரிவாயுவைப் பல லட்சம் ஆண்டுகள் காத்துவைத்திருந்து, இப்போது காலியாகிவிட்ட வயல்கள் இதற்குத் தோதானவை.

இவற்றில் எதுவும் புதிதன்று. அமீன் முறை 1930களிலிருந்தே வேதித் தொழிலுக்குப் பழக்கமானது. 1991இல் நார்வே கார்பனுக்கு வரி போட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கணக்குப் போட்ட ஸ்டாட்டாயில் நிறுவனம், 1996இல் வடகடலின் ஸ்லைப்னர் வயலில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கியது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. இன்று உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பிடிக்கப்படுவது சுமார் 5 கோடி டன். எரிபொருளாலும் சிமெண்டாலும் வெளியாவதோ சுமார் 3,700 கோடி டன். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. செலவு அதிகம் என்பது இதற்குப் பொறியாளர்கள் சொல்லும் காரணம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள நெதர்லாந்தில் பாரெண்ட்ரெக்ட் என்ற நகரத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

ரோட்டர்டாமுக்குத் தெற்கே உள்ள அந்த நகரில் அப்போது சுமார் 45,000 பேர் வாழ்ந்தார்கள். அருகிலுள்ள பெர்னிஸில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கே ஹைட்ரஜன் தயாரிக்கும்போது கிட்டத்தட்டத் தூய நிலையிலேயே கரியமில வாயு கிடைக்கிறது. பிரித்தெடுக்கும் செலவு மிச்சம். பாரெண்ட்ரெக்டின் அடியில் தீர்ந்துபோகும் தறுவாயில் இரண்டு எரிவாயு வயல்கள் இருந்தன. ஒன்று சுமார் 1,700 மீட்டர் ஆழத்தில், இன்னொன்று சுமார் 2,700 மீட்டர் ஆழத்தில். முதலில் சிறிய வயலில் 8 லட்சம் டன், பிறகு பெரிய வயலில், மொத்தம் ஒரு கோடி டன் என்பது திட்டம். அரசு 2007இல் ஒப்பந்தப்புள்ளி கோரியது; ஷெல் வென்றது. காகிதத்தில் இதைவிடச் சுலபமான திட்டம் அமைவது கடினம்.

2008 தொடக்கத்தில் முதல் விளக்கக் கூட்டம் நடந்தது. அதற்குள் இடம், அளவு எல்லாமே முடிவாகியிருந்தன. நகர மக்களுக்கு விடப்பட்டிருந்த வேலை கேட்டுத் தலையாட்டுவது ஒன்றுதான். அவர்கள் தலையாட்டவில்லை. எங்கள் வீட்டை இனி யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். ஆபத்தே இல்லை என்றால் ஆளில்லாத கடலுக்கு அடியில் முதலில் செய்து காட்டக் கூடாதா என்று கேட்டார்கள். வாயுவை வெளியேற்றுவதும் ஷெல், புதைத்துப் பணம் பெறுவதும் ஷெல், பாதுகாப்பானது என்று சான்று சொல்வதும் ஷெல்லா என்றும் கேட்டார்கள். இவற்றுக்குப் புவியியலாளரிடம் பதில் இல்லை. இவை புவியியல் கேள்விகளும் அல்ல.

வேறொரு கணக்கும் மக்கள் மனத்தில் இருந்தது. ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மனிக்குச் சரக்கு கொண்டுபோகும் பெட்டூவே ரயில் பாதை அந்த ஊர் வழியாகப் போகிறது. அதிவேக ரயில் பாதையும் அப்படியே. ஊருக்குள் இரைச்சல் பரவாமல் தடுக்கத் தண்டவாளங்களின்மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட வேண்டியிருந்தது. நாட்டின் நன்மைக்காக ஏற்கெனவே இவ்வளவு சுமந்தாயிற்று, இப்போது காலுக்கு அடியிலும் ஒன்றா என்ற சலிப்பை எந்த ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2009 ஜூனில் நகர மன்றம் திட்டத்தை எதிர்த்தது. நவம்பரில் மத்திய அரசு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. உள்ளாட்சியை மீறி நிறைவேற்றவும் சட்டத்தில் வழி இருந்தது. அடுத்த மாதம் இரண்டு அமைச்சர்கள் நேரில் வந்தபோது அரங்கில் ஏளனக் கூச்சல் எழுந்தது. 2010 நவம்பரில் புதிய அமைச்சர் மாக்சிம் வெர்ஹாகன், காலதாமதத்தையும் உள்ளூர் ஆதரவு அறவே இல்லாததையும் காரணம் காட்டித் திட்டத்தைக் கைவிட்டார். சில மாதங்களில் நெதர்லாந்து நிலப்பரப்பின் அடியில் புதைக்கும் யோசனையே கைவிடப்பட்டது.

படிப்பறிவுள்ள, வசதியுள்ள ஒரு நகரம் வீண் பயத்தால் நல்ல திட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று அன்று பலர் எழுதினார்கள். பின்னால் நடந்தவை அந்த வாதத்தைப் பலவீனப்படுத்தின. பாரெண்ட்ரெக்டில் எரிவாயு எடுத்தது ஷெல்லும் எக்ஸானும் சரிபாதியாக வைத்திருந்த ‘நாம்’ (NAM) என்ற நிறுவனம். வடக்கே க்ரோனிங்கனில் அரை நூற்றாண்டுக்கு மேலாக எரிவாயு எடுத்ததும் அதே நிறுவனம்தான். 2012 ஆகஸ்டில் அங்கே ஹைசிங்கா கிராமத்தருகே 3.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இப்படிப்பட்ட அதிர்வுகளால் பல்லாயிரம் வீடுகளில் விரிசல் விழுந்தது. க்ரோனிங்கன் மக்களின் நலன் ஆண்டுக்கணக்கில் புறக்கணிக்கப்பட்டது என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு 2023இல் தீர்ப்பு எழுதியது. எரிவாயு எடுப்பதும் புதைப்பதும் வேறுவேறு வேலைகள்தான். எடுத்ததால் வந்த அதிர்வு புதைத்தாலும் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நிறுவனமும் அரசும் சேர்ந்து கொடுக்கும் வாக்குறுதியைச் சந்தேகிக்க பாரெண்ட்ரெக்ட் மக்களுக்குக் காரணம் இருந்தது என்பதை மறுக்க இனி யாராலும் முடியாது.

அவர்கள் கேட்ட கடலுக்குத்தான் திட்டம் கடைசியில் போய்ச் சேர்ந்தது. ரோட்டர்டாம் துறைமுக ஆலைகளின் வாயுவைக் கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கடலடி வயலில் புதைக்கும் போர்த்தோஸ் திட்டத்துக்கு 2023இல் இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 25 லட்சம் டன். செலவு 130 கோடி யூரோ. மக்களைக் கேட்டு ஒப்புதல் பெறுவதைவிடக் கடலுக்குப் போவது எளிது என்று ஐரோப்பா முடிவெடுத்துவிட்டதாகவும் இதைப் படிக்கலாம்.

குழாய் மட்டும் கடலுக்குப் போய்விடுவதில்லை. அது நிலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் உண்டு. 2020 பிப்ரவரி 22 மாலை, தொடர்மழையால் மண் சரிந்து, அருகில் சென்ற கரியமில வாயுக் குழாய் வெடித்தது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தாழ்வான இடம் பார்த்துப் பரவும். தப்பிக்கக் காரில் ஏறியவர்களின் வண்டிகள் வழியிலேயே நின்றுபோயின. பெட்ரோலை எரிக்கவும் பிராணவாயு வேண்டுமே. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், யாரும் சாகவில்லை. கசிந்தால் வாயு இந்த ஊர்வரை எட்டும் என்பது குழாயை இயக்கிய நிறுவனத்தின் கணிப்பில் இல்லை என்று கூட்டரசின் குழாய்ப் பாதுகாப்பு அமைப்பு பிறகு அறிக்கை கொடுத்தது. அந்தக் குழாயில் போனது புகைபோக்கியில் பிடித்த வாயு அல்ல; எண்ணெய்க் கிணற்றில் மிச்சமிருக்கும் எண்ணெயை உந்தி எடுப்பதற்காக எடுத்துச்செல்லப்பட்டது. இன்று உலகில் பிடிக்கப்படும் வாயுவிலும் பெரும்பங்கு அதே வேலைக்குத்தான் போகிறது. பூமியைக் காப்பாற்றும் தொழில்நுட்பத்தின் முதல் வாடிக்கையாளர் எண்ணெய் நிறுவனம் என்பதை அதன் ஆதரவாளர்கள் அவ்வளவாக விளம்பரப்படுத்துவதில்லை.

இதனால் கார்பன் பிடிப்பே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட முடியாது. சிமெண்ட் தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கல் சிதைவதிலிருந்தே வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது வரும். நார்வேயின் ப்ரெவிக் சிமெண்ட் ஆலையில் 2025இல் தொடங்கிய பிடிப்பு நிலையத்துக்கு, ஆண்டுக்கு 4 லட்சம் டன் என்ற அளவில், ஒரு நியாயம் இருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு காரத் தொழிற்சாலை 2016இல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துச் சோடா உப்பு செய்யும் ஏற்பாட்டை அரசு மானியம் இல்லாமலே நிறுவியது. அதுவும் நல்ல வேலைதான். ஆனால் அங்கே வாயு புதைக்கப்படவில்லை, பண்டமாக்கப்படுகிறது. சோடா உப்பு கண்ணாடியாகவும் சோப்பாகவும் மாறும்போது அதில் ஒரு பகுதி மீண்டும் காற்றுக்கே திரும்பும். காற்றாலையும் சூரியத் தகடும் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்ட காலத்தில் நிலக்கரி மின்நிலையத்தின் ஆயுளை நீட்ட இதே கருவியைப் பூட்டுவது வேறு கதை. அதை மானியம் கொடுத்து வளர்க்க வேண்டியதில்லை.

இந்தியாவில் நிதி ஆயோக் 2022இல் கார்பன் பிடிப்புக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. புதைக்க இடம் தேடினால், எண்ணெயும் எரிவாயுவும் எடுத்த படுகைகளுக்கே முதலில் போவார்கள். காவிரிப் படுகை அவற்றில் ஒன்று. எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2017இல் நெடுவாசல் கிராமம் போராடிய, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்ட வட்டாரம் அது. புதைத்த வாயுவுக்கு நிறுவனம் எத்தனை ஆண்டு பொறுப்பு, அதன்பின் யார் பொறுப்பு என்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2009லேயே சட்டமாக்கியது: கிணற்றை மூடியபின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் நிறுவனம், பிறகு அரசு. இங்கே அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. முதல் கிணற்றுக்கு இடம் குறிக்கும் முன் அந்தச் சட்டம் வர வேண்டும். இடத்தை மறுக்கும் உரிமை கிராம சபைக்கு உண்டு என்பதும் அதில் எழுதப்பட வேண்டும்.