உடல் கிடைக்காத வீட்டில்



அடக்கம் முடிந்த வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பது நம் மக்களுக்குத் தெரியும். செபமாலை சொல்கிறோம், அக்கம்பக்கத்தார் உணவு கொண்டு வருகின்றனர், நினைவுப் பூசைக்கு நாள் குறிக்கிறோம். ஆனால் கடலுக்குச் சென்றவர் திரும்பவும் இல்லை, அவர் உடல் கரை சேரவும் இல்லை என்ற வீட்டிலே நாம் வாயடைத்து நிற்கிறோம். அல்லது, அதைவிடக் கேடாக, அதிகம் பேசிவிடுகிறோம்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்குப் போயிருந்தோர் பலர் மீளவில்லை. சில உடல்கள் கேரளக் கடலோரத்தில் கண்டெடுக்கப்பட்டு, மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டன. பல உடல்கள் கிடைக்கவே இல்லை. அவ்வீடுகளில் மனைவியானவள் தன்னை விதவை என்பதா, கணவன் வரவுக்குக் காத்திருப்பவள் என்பதா? அழுதால் அவரைத் தானே கொன்றுவிட்டதாகத் தோன்றுகிறது. அழாதிருந்தால் ஊரார் ஒரு விதமாகப் பார்க்கின்றனர்.

பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்து, இத்துயருக்குத் தனிப் பெயரே இட்டார். தமிழில் அதனைத் ‘தெளிவற்ற இழப்பு’ எனலாம். “அவர் இறந்திருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம்” என்னும் இரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு வாழ அக்குடும்பத்துக்குத் துணை நிற்கவேண்டுமேயன்றி, ஒன்றை முடிவாக ஏற்கும்படி நெருக்கலாகாது என்பது அவர் கண்ட உண்மை. “இனி வரமாட்டார், மனத்தைத் தேற்றிக்கொள்” என்று மூன்றாம் நாளே சொல்லும் உறவினர் இதைக் கருதிப் பார்க்கவேண்டும். “எல்லாம் தேவ சித்தம்” என்று வாசற்படியில் நின்றே சொல்லிவிட்டு நகரும் பக்தர்களும் அவ்வாறே. புயலை ஏவித் தன் கணவனைப் பறித்தவர் கடவுள்தான் என்றே அப்பெண் அதனைப் பொருள்கொள்வாள். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாது தரையில் அமர்ந்திருந்த வரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாய் திறந்த பின்னரன்றோ வேதனை கொடுத்தனர்!

ஆற்றுப்படுத்தல் என்றதும் சிலர் அறிவுரை கூறுதல் என்றும், வேறு சிலர் நடந்ததையெல்லாம் கிளறிக் கொட்டவைத்தல் என்றும் எண்ணுகின்றனர். பேரிடர் நிகழ்ந்த சில நாட்களுக்குள் ஒருமுறை அமரவைத்து யாவற்றையும் சொல்லவைக்கும் முறை முன்னர்ப் பல நாடுகளில் வழங்கியது. அது பின்னர் வரும் உளக்காயத்தைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்கு ஊறு செய்யவும் கூடும் என்றும் ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, நிலைமையைப் பார்த்தல், செவிமடுத்தல், உதவியோடு இணைத்தல் என்னும் மூன்றையே கேட்கிறது. அவராகப் பேசினால் கேட்கவேண்டும்; பேசாவிடில் அருகில் இருக்கவேண்டும்.

எலியா இறைவாக்கினரின் வரலாற்றை இந்நோக்கில் வாசித்துப் பாருங்கள். உயிருக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டியவருக்கு வானதூதர் மறையுரை ஆற்றவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறார்; அவர் உண்டு மீண்டும் உறங்க விடுகிறார்; இரண்டாம் முறையும் எழுப்பி உணவளிக்கிறார். ஓரேபு மலைக்கு நடந்து சேர்ந்த பின்னரே கடவுள் அவரிடம் கேள்வி கேட்கிறார். அவர் மனக்குறையை ஒருமுறை அல்ல, இருமுறை சொல்லவும் இடம் தருகிறார். அதன்பின் செய்யவேண்டிய பணியும், எலிசா என்னும் துணையும் கிடைக்கின்றன. உடல், உள்ளம், விசுவாசம், தோழமை ஆகிய நான்கும் அங்கே பிரிக்கப்படவில்லை. இன்று ஒருங்கிணைந்த ஆற்றுப்படுத்தல் எனப் பயிற்சி பெற்றோர் கூறுவதும் ஏறக்குறைய இதுவே.

ஆகவே முதலில் சோறும் உறக்கமும். அடுத்து, கடன் கேட்டு வருவோரிடம் பேசுவதற்கும், தாலுகா அலுவலகத்துக்குத் துணை போவதற்கும் பங்கிலே நிதானமான ஒருவர் வேண்டும். இரங்கற்பாவைவிட இதுவே பெரிய ஆறுதல். ஏழாண்டுகள் செய்தி இல்லாதவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்பது நாட்டுச் சட்டத்தின் பொது விதி. திருச்சபைச் சட்டமோ (எண் 1707) வெறுமனே நெடுங்காலம் காணப்படாமை போதாது என்கிறது. சாட்சியங்களை ஆராய்ந்து ஆயர் தெளிவுபெற்ற பிறகே, கணவர் இறந்தார் எனக் கருதி அறிவிப்பார். இளம் பெண்ணின் எதிர்காலம் இதில் அடங்கியிருக்கிறது. அவளாகக் கேட்கும்போது பங்குக் குரு இதைப் பொறுமையாக விளக்கவேண்டும். மாமியார் வீட்டார் வழியாகச் சொல்லியனுப்பலாகாது.

மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்போர் இன்னும் நம்மிடையே உண்டு. கால் முறிந்தால் எலும்பு மருத்துவரைத் தேடுவோர் இதிலே மட்டும் ஏன் தயங்குகின்றனர் என்பது எனக்கு விளங்கவில்லை. மறுபுறம், செபமாலையைக் கண்டதும் முகம் சுளிக்கும் ஆலோசகர்களும் உண்டு. அம்மணிகளைப் பற்றிய விரல்களில் எஞ்சியிருக்கும் வலிமையை அவர்கள் அறியார். ஒரு மாதம் கடந்த பின்னும் அதே அலை கனவில் வந்து எழுப்பினாலோ, காற்றொலி கேட்டாலே உடல் நடுங்கினாலோ, பிள்ளைக்கு உணவு தரவும் எழ இயலாவிட்டாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக விரும்புவதாகச் சொன்னால் அன்றே செல்லவேண்டும், தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

குழந்தைகளிடம் “அப்பா வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்” என்று பொய் சொல்லவேண்டாம். பள்ளியிலே வேறு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். பின்னர் அக்குழந்தை தாயின் சொல்லையும் நம்பாது. “புயலில் அப்பாவின் படகு திரும்பவில்லை, தேடினோம், காணவில்லை” என்று எளிய சொற்களில் சொல்லலாம்.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மெழுகுதிரி ஏற்றும்போது இக்குடும்பங்களுக்கு நிற்க ஓர் இடம் இல்லை. உடல் இல்லாமலும் இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் திருச்சபை இடம் தருகிறது. அதுபோலக் கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் காணாமற்போனோர் பெயர் பொறித்த ஒரு கல் நாட்டலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே கேட்டபின்பே பெயரைப் பொறிக்கவேண்டும். இசையாத வீட்டாருக்கு அக்கல்லிலே இடம் விட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கலாம்.