கடைசற் பொறியும் கல்லூரி வளைவும்

எம் கல்லூரி அன்னையின் யூபிலியை எவ்வாறு நினைவுகூர்தல் தகும் என்பது பற்றிப் பழைய மாணவர் பலரும் பலவாறு உரைத்து வருகின்றனர். வாயிலில் ஓர் வளைவு எழுப்புவோம் என்பர் ஒரு சாரார். அதற்கெனப் பணமும் ஓரளவு சேர்ந்துவிட்டது. யாம் வளைவுக்குப் பகைவர் அல்லேம். எனினும், அப்பணத்தைக் கொண்டு கடைசற் பொறியொன்று வாங்கி, ஆண்டுக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும் மரவேலைக் கூடத்தில் நிறுவுதலே சாலச் சிறந்தது என்பது எம் துணிபு. தமிழாசிரியர்க்கு இரும்புப் பட்டறையில் என்ன அலுவல் என்று வினவுவோர் சிறிது பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு எம் நண்பரொருவருடைய பழைய யப்பானிய மோட்டார் வண்டி கரும்புகை கக்கத் தொடங்கிற்று. காலையில் எளிதிற் புறப்படாது; புறப்பட்டாலோ பெற்றோல் நாற்றம் தெருவெல்லாம் வீசும். எரிபொருள் அமுக்கச் சீராக்கி பழுதுற்றதே காரணம் என்றறிந்தோம். அக்கருவி உள்ளங்கையுள் அடங்குவது. அதன் வேலையோ பெரிது. பழைய கார்பரேற்றர் வண்டிகளில் எரிபொருளின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் மூன்றிலொரு பங்கை அரிதாகவே தாண்டும். எரிபொருளைப் பீச்சும் முறை வந்தபின் அது ஏறத்தாழ 3 மடங்காயிற்று. அவ்வமுக்கத்தை நிலைநிறுத்துவது ஒரு மென்றகடும் அதன் பின்னின்று தள்ளும் ஒரு சுருள்வில்லுமே. அமுக்கம் மிஞ்சினால் மென்றகடு பின்வாங்கும், வழி திறக்கும், மிகுதிப் பெற்றோல் தாங்கிக்கே திரும்பும். எஞ்சின் உறிஞ்சும் வலிமை ஏறியிறங்குவதற்கேற்ப இதுவும் ஏறியிறங்க வேண்டுமாதலால், உறிஞ்சுகுழாயிலிருந்து ஒரு சிறு குழாய் வில்லிருக்கும் அறைக்குச் செல்லும். நண்பரின் வண்டியில் மென்றகடு கிழிந்து, பெற்றோல் அச்சிறு குழாய் வழியே எஞ்சினுட் புகுந்துகொண்டிருந்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே தனியார் வண்டிகளுக்கு மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளே எம்மைச் சுமந்தன. அவற்றின் உறுப்புக்களோ அரிதாயின. அவ்வண்டிக்கென அமைந்த சீராக்கி எங்கும் கிடைத்திலது. கொழும்பிற் கிடைத்தது எவ்வண்டிக்கும் பொதுவான ஒன்று. பழையது இரு திருகாணிகளால் எரிபொருட் குழாய்மீது இறுக்கப்படுவது. புதியதோ புரியிட்ட துளையுடையது. இரண்டையும் இணைக்க ஓர் இடைப்பொருத்தி வேண்டும். அது விலைக்கு விற்கப்படுவதன்று, கடைந்தே ஆக்கப்படுவது.

பட்டறைக்குச் சென்றோம். பொறியின் முன் நின்றவன் எம் மாணவன். ஒருகால் எம் வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவன். புணர்ச்சி விதி ஒன்றேனும் அவன் நாவில் நின்றதில்லை. "நீ எதற்கும் உதவமாட்டாய்" என்று வகுப்பறிய யாம் கூறியதுண்டு. அவன் அதனை மறந்தானோ அறியோம், யாம் மறந்திலேம். "வாங்கோ சேர்" என்று கதிரை இட்டான்.

புதிய சீராக்கியின் துளையில் இருந்தது ⅛ அங்குல அமெரிக்கக் குழாய்ப் புரி. (⅛ அங்குலம் என்பது பெயரளவே, அளந்து பார்ப்பின் குறுக்களவு 10 மில்லிமீற்றர் வரை வரும். இலக்கணத்தில் மட்டுந்தான் விதிவிலக்கு என்று எண்ணியிருந்தோம்.) அப்புரியில் அங்குலத்திற்கு 27 சுற்று, அதே பெயருடைய பிரித்தானியக் குழாய்ப் புரியிலோ 28. சரிவுக் கோணமும் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55. பட்டறையில் ஆயத்தமாக இருந்த புரிவெட்டி பிரித்தானியப் புரிக்குரியது. இரண்டு மூன்று சுற்று இணங்கிச் செல்லும், பின்னர் இறுகிவிடும். நாடா சுற்றி முறுக்கினாற் போதாதோ என்றார் நண்பர். பையன் தலையசைத்தான். பொறியின் பற்சில்லுகளை மாற்றி 27 சுற்றுக்கு அமைத்து, அலுமினியத் துண்டிற் புரியைப் பொறியிலேயே வெட்டினான்.

மறுமுனையில் இறப்பர் வளையம் இருப்பதற்குக் காடி வெட்டவேண்டும். வளையத்தின் தடிப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நசுங்கினாலன்றிக் கசிவு நிற்காது. முதற் பொருத்தியில் காடி ஒரு மயிரிழை ஆழ்ந்துவிட்டது. வளையத்தை இட்டுக் குழாயிற் செருகினான், தடையின்றி உட்சென்றது. எம் கண்ணுக்கு அது குற்றமற்றதாகவே தோன்றிற்று. "இது போதும் தம்பி" என்றார் நண்பர். "இல்லை ஐயா, சூடான எஞ்சினுக்கு மேல பெற்றோல் கசிஞ்சா வண்டியே எரியும்" என்று அதனைக் கழிவுப் பெட்டியுள் எறிந்து, மற்றொரு துண்டைத் தாடைகளிடையே பூட்டினான். அரைநாள் உழைப்பு வீணாயிற்று. இரண்டாவதைக் கடைகையில் நுண்மானித் திருகுக்கணிச்சியை எத்தனை தடவை எடுத்தான் என்பதை எண்ணத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டோம். பரீட்சை விடைத்தாள்களில் 'ஏறக்குறைய சரி' என்று எத்துணைப் பிழைகளை யாம் மன்னித்திருக்கின்றோம் என்ற நினைவு எம்மை உறுத்திற்று.

இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். கடைதல் என்பது எம் மொழியிற் பழஞ்சொல். தயிரைக் கடைகின்றோம், தேவர் பாற்கடலைக் கடைந்தனர், கட்டிற்காலையும் கடைகின்றோம். கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றிய பண்டைக் கடைசற் கருவிக்கும் மத்துக்கும் இயக்கம் ஒன்றேயாதலின் சொல்லும் ஒன்றாயிற்று. கணிச்சி என்பதும் சங்கச் சான்றோர் வெட்டுங் கருவிக்கு வழங்கிய பெயரே. சொற்கள் எம்மிடம் உள. அவை குறிக்கும் பொருள்களோ எம் மாணவரின் கைகளுக்கு எட்டா.

திருகுபுரி வெட்டும் கடைசற் பொறியை 1800 ஐ அண்டிய ஆண்டுகளிற் செப்பமுறச் செய்த ஹென்றி மோட்ஸ்லி, 12 வயதில் வூலிச்சுப் படைக்கலச் சாலையில் வெடித்தோட்டா நிரப்பிய சிறுவன். அவருடைய பட்டறையிற் பணிபுரிந்த விற்வேர்த்தே, பட்டறைக்கொரு புரியாக இருந்த குழப்பத்தை நீக்க 1841 இல் 55 பாகைப் பொதுப் புரியை முன்வைத்தவர். எம் மலர்களில் அச்சாகும் பட்டியல்களில் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர். பட்டறைக்காரர் எவரும் இலர். 1990 களிற் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் முடுக்கிப் பின் மண்ணெண்ணெயில் வண்டிகளை ஓடச்செய்தவர் யாவர்? அக்காலத்துச் சிறுவராயிருந்த யாம் அப்புகையைச் சுவாசித்தே பள்ளி சென்றோம்.

2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்துவிட்டதே, இனி என்ன குறை என்பர் சிலர். பிரிவு வந்தது நன்றே. ஆனால் குறிப்பெழுதிப் பெறும் அறிவு வேறு, காடி ஆழ்ந்துவிட்டது என்று கையால் உணரும் அறிவு வேறு. பிந்தியது பொறியின்றி வராது. விரல் போகும், கண்ணிற் சீவல் தெறிக்கும் என்று அஞ்சுவோரின் அச்சம் நியாயமானதே. அதற்குக் கண்ணாடியும் கண்காணிப்பும் வேண்டும். எம்மிற் பயிற்றப்பட்ட ஆசிரியர் பலர் உளரெனினும் இதிற் பயிற்றப்பட்டவர் இலர் என்பதையும் ஒப்புகின்றோம்.

அதனாலேயே அவனிடம் கேட்டோம். சனிக்கிழமைகளிற் பட்டறையை நண்பகலில் மூடிவிட்டு வரலாம் என்றான், கூலி வேண்டாமாம். புதியதன்று, பழைய பொறியொன்றே போதும், வாங்குமுன் தனக்குக் காட்டும்படி மட்டும் கேட்டுக்கொண்டான். நண்பரின் வண்டி கசிவின்றி ஓடுகின்றது. விழாக் குழுவினர் வளைவுக்கான ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை என அறிகின்றோம்.