மேகத்தில் வைப்பதா? பெட்டியில் பூட்டுவதா?

12 மணி நேரம்தான்! அதற்குள் ஒரு கம்பெனியின் கதை முடிந்துவிட்டது.

அதன் பெயர் 'கோடு ஸ்பேசஸ்'. சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதை அங்கே பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனியோ அதையெல்லாம் அமேசானிடம் வாடகைக்குப் பிடித்த கம்ப்யூட்டர்களில் வைத்திருந்தது.

2014 ஜூன் மாதம் ஓர் ஆசாமி அந்தக் கணக்குக்குள் புகுந்தான். பணம் கேட்டு மிரட்டினான். கம்பெனிக்காரர்கள் கடவுச்சொல்லை மாற்றி அவனை வெளியேற்றப் பார்த்தார்கள். உடனே அவன் அகப்பட்டதை எல்லாம் அழித்தான். ஆபத்துக்கு உதவும் என்று எடுத்து வைத்த பிரதிகளும் பெரும்பாலும் போயின. 'இனி நடத்த முடியாது' என்று கம்பெனி அறிவித்தது.

மாற்றுச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்!

எங்கே இருக்கிறது மேகம்?

இப்படி வாடகைக்கு வைக்கும் முறைக்கு 'கிளவுட்', அதாவது மேகம் என்று பெயர். ஆனால் ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில் ஓடும் பிறத்தியார் கம்ப்யூட்டர்தான் அது.

அதில் வசதி உண்டு. ஒரு நாட்டில் எழுதியதை இன்னொரு நாட்டில் இருப்பவர் உடனே பார்த்துத் திருத்தலாம்.

ஆனால் கட்டிடம் என்றால் தீயும் பிடிக்கும். 2021 மார்ச் 10-ந் தேதி, பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் 5 மாடிக் கட்டிடம் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

பெட்டியில் வைத்தால்?

ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து அலமாரியில் பூட்டி வைக்கலாம். மாத வாடகை இல்லை. இன்டர்நெட் வேண்டாம். கடல் கடந்த திருடனுக்குக் கை எட்டாது.

தொல்லையும் உண்டு. கீழே விழுந்தால் கெடும். தொலைந்தும் போகும். இருவர் தனித்தனியே திருத்தினால், எது சரியான பிரதி என்று குழப்பம் வரும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் 'கிட்'. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற முழு வரலாறும் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் இருக்கும். இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிப் பென் டிரைவிலும் கொண்டுபோகலாம்.

ஆனால் கிட் காப்பது அதில் பதிந்ததை மட்டுமே. வாடிக்கையாளர் கணக்கு வழக்குகளுக்குத் தனிப் பிரதி வேண்டும்.

என்ன செய்யலாம்?

மேகமா, பெட்டியா என்று சண்டை போடத் தேவையில்லை. இரண்டும் வேண்டும். 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அதில் 1 வேறு ஊரில் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது. பிரதி திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

வீட்டுக் கல்யாணப் படங்களுக்கும் இதே கணக்குத்தான். போன பிறகு தேடினால் கிடைக்காது!