பாட்டியின் மூக்குத்தி மங்கக் கூடாது

மலேசியாவின் சி ரூசா பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயன் வீட்டுக்காரர்கள் பலர் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டார்கள். ரப்பர் பால் வாளியோடு நிற்கும் பாட்டி, திருவிழாவில் காவடி எடுத்த மாமா என அந்த வாழ்க்கைக்கு மிஞ்சிய சாட்சி படங்கள்தாம். அவற்றைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். முடியவில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பாட்டியின் மூக்குத்தி வெறும் புள்ளியாகிவிடும். கூகுள் போட்டோஸும் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லா இலவச இடத்தை நிறுத்திவிட்டது. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 முறையே நமக்குப் போதும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, சிரம்பானில் இருக்கும் தங்கை வீட்டில் ஒன்று. ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள். பெயர் தொலைந்த முகத்தை எந்த டிஸ்க்கும் மீட்டுத் தராது.