வயசான கியர் பாக்ஸும் சிவப்பு ஆயிலும்

புதுக்கோட்டைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் லாரி வாங்குகிறவர்கள் பார்க்கிற பொருத்தம், கல்யாணத்துக்குக்கூட யாரும் பார்ப்பதில்லை. டயரை உதைப்பார்கள். கதவைச் சாத்திச் சத்தம் கேட்பார்கள். சேஸிஸுக்கு அடியில் படுத்து, வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். எஃப்.சி., பர்மிட், இன்ஷூரன்ஸ் என்று தாள் தாளாகப் புரட்டுவார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பும்வரை ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு.

'கியர் பாக்ஸ் ஆயில் எப்பண்ணே மாத்துனது?'

கேட்டாலும் பிரயோஜனமில்லை. 'போன மாசம்தான்' என்பார் விற்கிறவர். எந்த வருஷத்துப் போன மாசம் என்பதைச் சொல்ல மாட்டார்.

கிளட்ச்சை மிதித்துக் கியர் போடுகிற வண்டி என்றால் இதில் பெரிய ஆபத்தில்லை. நார்த்தாமலைப் பக்கம் ஜல்லி அடிக்கிற டிப்பருக்கு, கடையில் போய் '90 ஆயில்' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். போல்ட்டைக் கழற்றிக் கறுப்பை இறக்கு, புதுசை ஊற்று, முடிந்தது. பல்லும் பல்லும் உரசித் தேயாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த ஆயிலின் வேலை. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியவர் மாதிரி. அவர் கொஞ்சம் அசந்தாலும் சாப்பாடு நடந்துவிடும்.

ஆட்டோமேடிக் வண்டியில் ஆயில்தான் சமையல்காரர். அவர் அசந்தால் பந்தியே கிடையாது.

ஓடுகிற டேபிள் ஃபேனுக்கு எதிரே ஓடாத ஃபேன் ஒன்றை வைத்தால், அதுவும் மெல்லச் சுற்றும். பார்த்திருப்பீர்கள். காற்றுக்குப் பதில் ஆயிலை வைத்து அதே வித்தையைச் செய்வதுதான் டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினின் சக்தி ஆயில் வழியாகத்தான் அந்தப் பக்கம் போய் வண்டியைக் கிளப்புகிறது. அதே ஆயில்தான் அழுத்தம் கொடுத்து, கிளட்ச் பிளேட்டுகளைப் பிடித்துக் கியரையும் மாற்றுகிறது. சூட்டை வாங்கிக்கொண்டு கூலருக்கும் போய்வருகிறது. பல்லுக்கு வழுக்கிக் கொடுக்க வேண்டும், பிளேட் பிடிக்கும்போது வழுக்கவும் கூடாது. தேர்தல் நேரத்துக் கூட்டணித் தலைவரிடம்கூட இவ்வளவு சாமர்த்தியம் எதிர்பார்க்க முடியாது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேடிக் கியரைக் கொண்டுவந்தது. பிற்பாடு இந்த வழுக்கும்-வழுக்காத வேலைக்காக ஆயிலில் திமிங்கல எண்ணெயைக் கலந்தார்கள். 1970-களின் ஆரம்பத்தில், திமிங்கலப் பொருள்களுக்கு அந்த நாடு தடை போட்ட பிறகுதான் வேறு ரசாயனம் தேடினார்கள். சிவப்பு நிறம் வெறும் சாயம். இன்ஜின் ஆயிலோடு குழம்பாமல் இருப்பதற்கும், ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று தெரிவதற்கும்.

நம் நாட்டில் இசுஸு வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் என்று ஆட்டோமேடிக் பிக்கப்புகள் வந்தன. புதுசு வந்தால் பழசும் கைமாறும் அல்லவா? ஆலங்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அப்படித்தான் ஒரு பிக்கப் வாங்கினார். ஏழு வருஷம் வளைகுடாவில் வெயிலில் நின்று சேர்த்த பணம், மீதிக்குக் கடன். போர் மோட்டார் இறக்கி ஏற்றுகிற தொழில். வண்டி ஓடியிருந்தது 1,80,000 கிலோமீட்டர். ஆயில் எப்போது மாற்றியது என்பது விற்றவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இரண்டு பேருமே போனை எடுக்கவில்லை.

மாற்றலாம் என்றால் டீக்கடை முழுக்க எதிர்ப்பு. 'தொடாதப்பா! பழைய ஆயில்ல இருக்கிற தூளுதான் பிளேட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. புதுசு ஊத்துனே, வழுக்கிக்கிட்டு நிக்கும்.' இது உலகம் பூராவும் உலவுகிற பயம். அந்த வகைக் கியர் பாக்ஸ் போனால் செலவு லட்சத்தில். தம்பிக்குத் தூக்கம் போனதில் ஆச்சரியமில்லை.

பட்டறை மேஸ்திரி நிதானமாகக் கேட்டார்: 'ஆஸ்பத்திரிக்குப் போன ஆளு செத்துட்டான்னா, எந்த நெலமையில போனான்னு பாக்கணுமா இல்லையா தம்பி?'

விஷயம் அதுதான். பெரும்பாலானவர்கள் வண்டி வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்ற ஓடிவருகிறார்கள். பிளேட் ஏற்கெனவே கருகியிருக்கும். மறுவாரம் வண்டி நின்றதும் பழி புது ஆயில் தலையில். 'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்று சில கம்பெனிகள் சொல்வது வேறு குழப்பம். யாருடைய ஆயுள், வண்டியுடையதா, வாரண்டியுடையதா? ஆயிலின் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதற்குமேல் ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. நம்மூர் மே மாத வெயிலில், லோடோடு போகிற வண்டி இது.

மேஸ்திரி சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் சூடு இருக்கும்போதே ஆயிலை இறக்கினார். வந்தது கடுங்காப்பி நிறம். இரண்டு விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். தீய்ந்த வாடை இல்லை. ஆயில் சம்ப்பைக் கழற்றினால், உள்ளே இருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. 'இது வயசுக்கு வந்த நரை. பயப்பட வேணாம். கையில குத்துற மாதிரி இரும்புச் சில்லு இருந்தா வேற கதை' என்றார். தம்பி அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஃபில்டரையும் பேக்கிங்கையும் மாற்றி, இறங்கிய ஆயிலை அளந்து அதே அளவு புதுசு ஊற்றினார். ஒரு தடவையில் பாதிகூட இறங்காது. மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி, அதன்பின் இன்னொரு முறை என்று மூன்று தவணை. மிஷின் வைத்து அழுத்தி ஒரே நாளில் கழுவலாமா என்று கேட்டதற்கு, 'வயசான ஆளுக்குப் பேதி மாத்திரை எதுக்கு?' என்று முடித்துவிட்டார்.

இன்ஜினை ஓடவிட்டு, கம்பெனி சொல்லும் சூட்டில்தான் அளவு பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அளவுக் குச்சியே கிடையாது; பக்கவாட்டு போல்ட்டைத் திறந்து, வழிந்து நிற்கிற மட்டம்தான் கணக்கு. குறைந்தால் வழுக்கும், கூடினால் நுரைக்கும். எந்த ஆயில் என்பதற்கு வண்டியோடு வந்த புத்தகம்தான் வேதம். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஆட்டோமேடிக்கும் அல்ல. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி., சாதாரணக் கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சை நமக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. அந்தப் பெட்டிக்குச் சாதாரணக் கியர் ஆயில்தான்.

மூன்றாம் தவணையில் இறங்கிய ஆயிலில் சிவப்பு தெரிந்தது. இரண்டாவது கியர் விழும்போது இருந்த வெட்டு குறைந்தது. இன்னும் லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று மேஸ்திரி எழுதித் தரவில்லை. உயிரோடு இருக்கிற பெட்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, அவ்வளவுதான்.

பி.காம். பாஷையில் சொன்னால், விற்றவர் தள்ளிப்போட்ட செலவெல்லாம் வாங்கியவர் கணக்கில் கடனாக ஏறும். எந்தப் பத்திரத்திலும் இது எழுதியிருக்காது. அம்மன் காசு அடித்த ஊர்க்காரர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாலு லிட்டர் ஆயிலில் பிடிக்கிற மிச்சம், லட்ச ரூபாயில் போய் முடியும்.

பழைய வண்டி வாங்கினால் ஆர்.சி.யில் பேர் மாற்ற ஓடுகிறீர்களே, அதே வாரம் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பேர் மாறாவிட்டாலும் வண்டி ஓடும்!